பாராட்டை நம்பாதவர்

யாராவது அவரிடம் வந்து, "இன்னைக்குக் கச்சேரி பிரமாதம் சார்" என்றால் அவர் முகம் மலராது. வயலின் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டே, "எந்த இடத்துல?" என்று கேட்பார். குரலில் கோபம் இருக்காது. பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று விசாரிப்பவரைப் போலத்தான் கேட்பார்.

வந்தவர் தடுமாறிப்போவார். "எல்லா இடத்துலயும்தான் சார்."

"எல்லா இடத்துலயும் யாருக்கும் பிரமாதமா இருக்காதுங்க. ஒரு இடத்தச் சொல்லுங்க."

"அந்தக் கல்யாணி வாசிச்சீங்களே..."

"இன்னைக்குக் கல்யாணி வாசிக்கவே இல்ல."

அதோடு அந்த ரசிகர் அவர் இருக்கும் திசைக்கே வரமாட்டார். பக்கத்தில் நிற்கும் கோமதியக்காதான், "அவங்க ஆசையா சொன்னா வாங்கிக்க வேண்டியதுதானே?" என்று கடிந்துகொள்வார். கோமதியக்கா அவர் மனைவி. "வாங்கிக்கிட்டா அப்புறம் தூக்கிச் சுமக்கணும்" என்பார் அவர்.

தஞ்சாவூரில் புதுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் அவர்களுக்கு எதிர்வீட்டில் நான் குடியிருந்தேன். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. நான் கால்நடை மருத்துவர். காலையில் ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறினால் சாயங்காலம் சாண வாடையோடு திரும்பி வருவேன். சங்கீதத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எதிர்வீட்டில் இருப்பவர் பெரிய வயலின் வித்வான், நாடு நாடாகப் போய் வாசித்தவர் என்பதே குடிவந்து சில நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று லிஃப்டில் பார்த்தபோது, "காலையில நீங்க வாசிச்சது நல்லா இருந்துச்சு சார்" என்றேன்.

"எது நல்லா இருந்துச்சு?"

எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. "எனக்குப் பாட்டுப்பத்தி ஒண்ணும் தெரியாது சார். பழைய வீட்டுல பக்கத்துல ஒரு மாவு மில்லு. காலையில அந்தச் சத்தத்துலதான் முழிப்பேன். இங்க அது இல்ல. அதத்தான் சொன்னேன்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு லிஃப்ட் குலுங்கும்படி சிரித்தார். மாவு மில்லைவிடத் தேவலாம் என்று நான் சொன்னதுதான் அவர் வாழ்க்கையில் நம்பிய முதல் பாராட்டு என்று கோமதியக்கா பின்னால் பலரிடமும் சொல்லியிருக்கிறார்.

அவர் பக்கவாத்தியக்காரர். பாடுபவருக்கு அருகே உட்கார்ந்து, அவர் பாடப்பாட நிழல்போலத் தொடர்ந்து வாசிப்பதுதான் வேலை. பெரும்பாலும் ஒரே ஒரு பாடகருக்குத்தான் வாசித்தார். அந்தப் பாடகர் பாபநாசத்துக்கு இந்தப் பக்கம், இவர் ஊருக்கு அடுத்த ஊர். இளவயதிலிருந்து சேர்ந்தே மேடையேறியவர்கள். ஊரில் அவர்களைப் பிரித்துப் பேசமாட்டார்கள். ஆனால் அந்தப் பாடகர் மேடையில் "ஆஹா" என்று சொன்னால்கூட இவர் ஓரக்கண்ணால் பார்ப்பதை நான் யூடியூபில் கவனித்திருக்கிறேன். மிரண்ட மாடு வைக்கோலைத் தின்றுகொண்டே வாசலையும் பார்க்குமே, அப்படி ஒரு பார்வை.

எதையும் அப்படியே ஏற்கமாட்டார். கச்சேரிக்குப் போனால் அங்கே கொடுக்கும் காபியைத் தொடமாட்டார். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுபோவார். "விஷம் வச்சிருவாங்கன்னு பயமா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விஷமெல்லாம் வேண்டியதில்லீங்க. திரிஞ்ச பால்ல போட்ட காபி ஒண்ணு போதும். மேடையில வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். செஞ்சிருக்காங்க."

உண்மையிலேயே செய்திருக்கிறார்களா என்று கோமதியக்காவிடம் கேட்டதற்கு, "அது எனக்கே தெரியாது" என்றார்.

யூடியூபில் அவர் கச்சேரிகளுக்குக் கீழே பூவும் கூப்பிய கையுமாகப் போட்டிருப்பார்கள். ஃபோனை என்னிடம் நீட்டி, "டாக்டரம்மா, இந்தப் பேர்ல எல்லாம் நெசமாவே ஆளு இருக்காங்களா?" என்று கேட்பார். இருப்பார்கள் சார் என்றால், "இருந்தா ஏன் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறாங்க?" என்பார்.  அப்படி அவர் கேட்ட ஒருநாள் ராத்திரி என் கணவர் ஃபோனில், "நீ வச்ச ஊறுகாய் ரொம்ப நல்லா இருக்கு" என்றபோது, எதற்கு இப்படிச் சொல்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த வியாதி எதிர்வீட்டுக்கும் பரவக்கூடியது.

இது எங்கிருந்து வந்தது என்பதைக் கோமதியக்கா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அவர் வாசிக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு கோயில் திருவிழாவில் பெரிய பாடகர் ஒருவருக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். அன்று நன்றாக அமைந்துவிட்டது. அந்தப் பெரியவர் மைக்கிலேயே, "இந்தப் பிள்ளை இனிமே என் வலது கை" என்று சொல்லிச் சால்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டார். ஊரே கைதட்டியது. வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையை மடிக்காமல் நாற்காலியில் போட்டுவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அழைப்பு வரவில்லை. நேரில் போய் விசாரித்தார். விழாக் கமிட்டியில் இருந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவருதான் வேணாம்னுட்டாரு தம்பி. அந்தப் பையன் என்னைத் தாண்டப் பாக்கிறான், அடக்கமான ஆளா பாருங்கன்னாரு."

"அன்னைலேருந்து யாராவது தட்டிக்குடுத்தா, அந்தக் கை எதுக்கு வருதுன்னுதான் பாப்பாரு" என்றார் கோமதியக்கா. "என்னையும் சேத்துத்தான். புடவை நல்லா இருக்கான்னு நான் கேட்டா சொல்லுவாரு. சட்டை உங்களுக்கு நல்லா இருக்குன்னு நான் சொன்னா, கழட்டிட்டு வேற போட்டுக்குவாரு."

ஒரு தடவை வித்வான் தன் அண்ணன் வீட்டு மாட்டைப் பார்க்க என்னைக் காரில் ஊருக்கு அழைத்துப்போனார். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்து நின்ற நேரம். மாட்டுக்குக் கொஞ்சநாளாகப் பால் குறைந்திருந்தது. அண்ணன், "மத்தபடி நல்லாத்தான் திங்குது, ஒண்ணும் இல்ல" என்றார். மாடு நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முன்னங்கால்களை அகட்டி, முதுகை லேசாக வளைத்து நின்றது. தோளுக்குப் பின்னால் முதுகை அழுத்திப் பிடித்தேன். எந்த மாடும் முதுகைத் தாழ்த்திக் கொடுக்கும். இது தாழ்த்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல முனகியது. வயிற்றுக்குள் கம்பி ஏதோ குத்திக்கொண்டிருக்கிறது என்றேன். அண்ணன் நம்பவில்லை. ஒரத்தநாட்டுக்கு ஏற்றிவந்து ஆபரேஷன் செய்தபோது, வைக்கோலோடு விழுங்கிய கட்டுக்கம்பி வந்தது.

இதை அவர் மறக்கவே இல்லை. பிறகு ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "மாடு பொய் சொல்லாது, இல்லீங்களா?" என்று கேட்டார்.

"பொய் சொல்லாது சார். ஆனா மறைக்கும். வலிச்சாக்கூட வலிக்காத மாதிரியே நிக்கும். மூஞ்சியிலயும் நிக்கிற தினுசுலயும்தான் கண்டுபிடிக்கணும்."

"மூஞ்சிய வச்சுக் கண்டுபிடிச்சிருவீங்க."

"பெரும்பாலும்."

ஏதோ யோசனையோடு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் அவரிடம் சில மாற்றங்களை நானும் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டு அழைப்பு மணி குருவி கத்துவதுபோல இருக்கும். கோமதியக்கா இல்லாத நேரத்தில் அதை எவ்வளவு அழுத்தினாலும் அவர் வரமாட்டார். கதவைத் தட்டினால் உடனே வருவார். காலைப் பயிற்சி நீண்டுகொண்டே போயிற்று. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். பாட்டுத் தெரியாத எனக்கே அந்த இடம் மனப்பாடமாகிவிட்டது. சில நாள் அது நாற்காலியை இழுப்பதுபோலக் கேட்கும்.

அதற்கு அவர் எல்லோர் மீதும் குற்றம் சொன்னார். இப்போது வரும் தந்திகள் மட்டமாக இருக்கின்றன என்று வேறு கம்பெனிக்கு மாறினார். வயலினைப் பழுது பார்த்த ஆள் உள்ளே எதையோ மாற்றிவைத்துவிட்டான் என்று வேறு ஆளிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார். மைக் செட்காரர் வேண்டுமென்றே சத்தத்தைக் கெடுக்கிறார் என்று ஒரு கோயிலில் சண்டை போட்டார். கோமதியக்கா வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார் என்று அவர் மீதும் புகார்.

ஒருநாள் பால்கனியில் நின்றபடி என்னிடம் சொன்னார்: "டாக்டரம்மா, இப்பல்லாம் நெறைய பேரு பாராட்டுறாங்க."

"நல்லதுதானே சார்."

"முன்னாடி ஒண்ணும் சொல்லாதவன்கூட வந்து கையப் புடிச்சுக்கிறான். கூட வாசிக்கிறவங்க எல்லாரும் அதிகமா தலையாட்டுறாங்க. மிருதங்கக்காரரு என்கிட்ட ஒருநாளும் சிரிச்சது கிடையாது, இப்ப சிரிக்கிறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏதோ இருக்கு. எங்கிட்ட மறைக்கிறாங்க."

மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னை போவதற்கு முன்பு தஞ்சாவூரிலேயே ஒரு கச்சேரி இருந்தது. அவருடைய பாடகர் நண்பர்தான் பாடினார். வித்வான் என்னை அவசியம் வரச்சொன்னார். எனக்கு என்ன தெரியும் என்று தயங்கினேன்.

"தெரியாதவங்கதான் எனக்கு வேணும். தெரிஞ்சவங்க எல்லாரும் எனக்கு வேண்டியவங்க. நீங்க பாட்டக் கேக்காதீங்க. என்னையும் பாக்காதீங்க. நான் வாசிக்கும்போது அவன் மூஞ்சிய மட்டும் பாருங்க. மாட்டப் பாக்குற மாதிரி பாருங்க."

ஒரு மனிதரை வேவு பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன். மேடைக்கு அருகில் பாடகரின் முகம் நன்றாகத் தெரியும் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார். பாடகர் பெரிய உருவம், சந்தனம் பூசிய நெற்றி, சிரித்த முகம். பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். வயலின் தனியாக வாசிக்கும்போது திறந்து, இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

நான் பார்த்தேன். வயலின் கீழ்ச் சுரங்களில் உலவும்போது அவர் முகம் தளர்ந்து, நிம்மதியாக இருந்தது. மேலே ஏற ஏறத் தாடை இறுகியது. உச்சிக்குப் போனபோது இடது கண் ஓரம் சட்டென்று சுருங்கியது. ஊசி போடும்போது தோல் சிலிர்க்குமே, அதைப்போல. அடுத்த கணமே முகத்தை விரித்துக்கொண்டு, தொடையில் தட்டி, "ஆஹா" என்றார். மறுபடியும் மேலே போனபோது மறுபடியும் சுருங்கியது. மறுபடியும் "ஆஹா". அதே சமயத்தில் மிருதங்கக்காரர் குனிந்து மிருதங்கத்தின் வாரைச் சரிசெய்தார். சபையில் எல்லோரும் கைதட்டினார்கள். அத்தனை பேரிலும் யார் உண்மையாகத் தட்டுகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 

திரும்பி வரும்போது காரில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் கோமதியக்காவும் பின்னால். டிரைவர் டீ குடிக்க இறங்கியதும் அவர் திரும்பாமலேயே, "சொல்லுங்க" என்றார்.

கோமதியக்கா என் கையைத் தொட்டார். வேண்டாம் என்று சொல்கிறாரா, சொல் என்கிறாரா என்று புரியவில்லை. நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். "நீங்க மேல போறப்பல்லாம் அவருக்கு வலிக்குது சார். அது அடங்கினதுக்கு அப்புறம்தான் ஆஹான்றாரு."

முன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு, "யாரு சொல்லச் சொன்னா உங்கள?" என்றார்.

"என்ன சார்?"

"மெட்ராஸ் கச்சேரிக்கு நான் போகக்கூடாதுன்னு நெனைக்கிறவங்க இருக்காங்க. யாரு உங்களப் புடிச்சாங்க?"

கோமதியக்கா, "நீங்கதானே வரச்சொல்லிப் பாக்கச் சொன்னீங்க!" என்று கத்திவிட்டார். அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அதன்பிறகு லிஃப்டில் என்னைப் பார்த்தால் படியில் ஏறிப் போனார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அழுத்திப் பிடித்த இடத்தில் வலித்தால் மாடுகூட முட்டத்தான் செய்யும். ஆனால் காலையில் வயலின் சத்தம் நின்றுபோனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் காது டாக்டரிடம் போயிருக்கிறார். கோமதியக்கா வந்து சொன்னார். இடது காதில் கேட்கும் திறன் பாதிக்குமேல் போயிருந்தது. வயலினை அணைத்துப் பிடிக்கும் பக்கம் அதுதான். அதைவிடக் கொடுமை, ஒரே சுரம் இரண்டு காதிலும் இரண்டு விதமாகக் கேட்கிறது. இடது காது சொல்வதைக் கேட்டு விரல் வைத்தால் மேலே தப்பாகிறது. காதைச் சோதித்த மிஷினை அவர் நம்பவில்லை. திருச்சிக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதையே சொன்னார்கள். இரண்டு டாக்டரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று மதுரைக்கும் போனார்.

மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள் என் கதவைத் தட்டினார். "அவன வரச்சொல்லியிருக்கேன். நீங்களும் இருங்க" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பாடகர் வந்து உட்கார்ந்தார். கோமதியக்கா காபி கொண்டுவந்து வைத்தார். இவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

பாடகர் காபி டம்ளரைப் பார்த்தார். "எது?"

"என் சுருதி வெலகுறது."

"ரொம்ப நாளா."

"தெரிஞ்சும் மேடையில தொடையத் தட்டி ஆஹான்னியா? ஊரச் சிரிக்க வைக்கத்தான் என்னப் பக்கத்துல உக்கார வச்சிருந்தியா?"

பாடகரின் பெரிய உடம்பு குறுகிப்போனது. "சொன்னா நீ நிறுத்திருவ. அதான் சொல்லல."

"நான் நிறுத்துனா உனக்கு வேற ஆளா இல்ல?"

"இல்லய்யா." அவர் குரல் உடைந்தது. "ஊர்ல என்னப்பத்தி என்ன பேசிக்கிறாங்கன்னு உனக்குத் தெரியுமா? குரல் போயிருச்சு, இப்பல்லாம் மேல எட்ட மாட்டேங்குது, கீழேயே சுத்திட்டு எறங்கிர்றாருன்னு பேசுறாங்க. காதுல விழுந்துச்சா?"

"கேள்விப்பட்டேன். வயசாச்சுன்னு நெனைச்சேன்."

"என் குரலுக்கு ஒண்ணும் ஆகல. நான் மேல போனா நீயும் வரணும். வந்தா தெரிஞ்சுபோயிரும். அதான் நான் போறத விட்டுட்டேன். நீ தனியா வாசிக்கிறப்ப போறத மட்டும் என்னால தடுக்க முடியல. அப்ப ஆஹான்னு சத்தமா சொல்லுவேன். சனங்க கவனம் எம்பக்கம் திரும்பட்டும்னு."

 வித்வான் சந்தேகப்பட்டது அத்தனையும் உண்மைதான். எல்லோரும் மறைத்திருந்தார்கள், அந்த "ஆஹா" பொய்தான். ஆனால் அதற்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்கமாட்டார். ஏமாற்றுகிறவரைத் தேடிப் பிடித்துவிட்டு, பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவர், "நெசமாத்தான் சொல்றியா?" என்று கேட்டார். அப்போதும் நம்பிக்கை முழுதாக வரவில்லை.

"பாடிக் காட்டவா?"

"இங்க வேணாம்." எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "மெட்ராஸுக்கு நான் வரல. வேற ஆளப் பாத்துக்க. நல்லா வாசிக்கிற ஆளா பாரு, அடக்கமான ஆளப் பாக்காத. மொதல்ல கும்பகோணத்துல ஒரு கச்சேரி ஒத்துக்கிட்டோமே, அதுல மேல பாடு. நான் கீழ உக்காந்து கேக்குறேன்."

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் கச்சேரி நடந்தது. அவர் இடத்தில் ஓர் இளம்பெண் வயலினோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூவரும் முன்வரிசையில். வாழ்நாளில் அவர் மேடைக்குக் கீழே உட்கார்ந்து நண்பரைக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று கோமதியக்கா சொன்னார். கையை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. வேட்டி மடிப்பை நீவுவதும், மேடையில் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "குரல் போயிருச்சுங்க, சும்மா பேருக்குக் கூப்பிடுறாங்க" என்றது என் காதில் விழுந்தது. அவருக்கு விழவில்லை.

தோடி ராகம் என்றார் கோமதியக்கா. பாடகர் முதலில் கீழேயே நடந்துகொண்டிருந்தார். பிறகு ஏறத் தொடங்கினார். வழக்கமாகத் திரும்பிவிடும் இடம் வந்திருக்க வேண்டும், கோமதியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடகர் திரும்பவில்லை. இன்னும் ஏறினார். அந்தப் பெண்ணின் வில் அவர் கூடவே ஏறிப்போயிற்று. உச்சியில் போய்க் குரல் அசையாமல் நின்றது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பின்வரிசைப் பேச்சு நின்றது தெரிந்தது.

என் பக்கத்தில் வித்வான் தன் இடது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, வலது காதை மேடைப் பக்கம் திருப்பியிருந்தார். குரல் உச்சியில் நின்ற நேரமெல்லாம் அவர் மூச்சே விடவில்லை. பாடகர் இறங்கி ஓய்ந்ததும், இவர் தன் மனைவியிடம் திரும்பினார். ரகசியமாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கோமதி, எனக்காக இத்தனை நாளு இதப் பாடாம இருந்திருக்கான்."

எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. கைதட்ட எடுத்த கைகள் அப்படியே நின்றன. மேடையில் பாடகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். பிறகு அதே இடத்துக்கு மறுபடியும் ஏறி, முன்னைவிட மெதுவாக, அங்கேயே நின்றார்.

கோமதியக்கா கணவரின் முழங்கையைப் பிடித்து, மெல்லப் பேசும்படி அழுத்தினார். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"இன்னும்" என்றார்.